நாலாவது பாட்டு

"இன்னாம்மா, உனக்குப் பேச வராதா?" என்று தசரதன் கேட்டான்.

வரும். ஆனால் எனக்கு எழுதத்தான் பிடிக்கும். ஏழாம் வகுப்போடு நின்ற பிறகு ஐந்து நோட்டு நிரப்பியிருக்கிறேன். அதுவரை யாருக்கும் தெரியாது.

தசரதனும் மூன்று நண்பர்களும் வேலூரில் கல்லூரி முடித்தவர்கள். 'ஆணிவேர்' என்று ராக் இசைக்குழு வைத்திருந்தார்கள். சினிமாப் பாட்டை எதிர்க்கிறவர்கள். முதல் கேசட்டுக்குப் பாட்டுக் கட்ட எண்பத்தாறில் மலைமேல் எங்கள் நெல்லிவாசல்நாட்டுக்கு வந்து, பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கிக் கிடாருக்குச் சுருதி சேர்த்தார்கள். அடக்குமுறையை எதிர்த்துப் பாடினார்கள். நடுநடுவே காபி கேட்டார்கள். அண்ணி வடிவு கைக்குழந்தையோடு போட்டுக் கொடுத்தாள். அண்ணன் தீர்த்தகிரி தண்ணீர் சுமந்தான்.

கேசட்டுக்கு ஒன்பது பாட்டு வேண்டும். எட்டுக்கு மெட்டு வந்தது, அர்த்தம் வரவில்லை. ஒன்பதாவது வரவே இல்லை. நான் ஒரு நோட்டைக் கொடுத்தேன். அதிலிருந்து ஒன்றை நாலாவதாக வைத்தார்கள். தசரதன் நன்றாகவே பாடினான். கேசட் அட்டைக்கு எழுதிய தாளில் மற்ற எட்டுக்கும் அவர்கள் பெயர். என்னுடையதற்கு 'மலைப் பாட்டு' என்றிருந்தது. அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன்.

"மலைப் பாட்டுக்கு ஆள் பேரு எதுக்கும்மா? அது காத்து மாதிரி" என்றான் தசரதன்.

நியாயம்தான். காற்றுக்குச் சொந்தக்காரர் இல்லை. சந்தனக் கட்டைக்கு உண்டு, சர்க்கார். எங்கள் பக்கம் அது கிடைக்காத பொருளும் இல்லை. முழ நீளத்தில் ஒன்றைத் துணி சுற்றி அவர்களுடைய பெரிய டிரம்முக்குள் வைத்தேன். முந்தின நாளே, கீழே இறங்கும் ஜீப்பில் அடிவார வனத்துறைச் சோதனைச் சாவடிக்கு ஒரு சீட்டு அனுப்பியிருந்தேன். இரண்டே வரி. நான் எழுதியதை ஒருவர் முழுக்கப் படித்து அதன்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

அவர்கள் கிளம்பியபோது, அடிவாரத்தில் டிரம்மை இறக்கிக் கொடுக்க அண்ணனும் ஜீப்பில் ஏறினான். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் எனக்குக் கூச்சம்.

சாவடியில் நால்வரும் அண்ணனைக் கைகாட்டினார்கள். பத்து நாளில் அவர்கள் ஒரே சுருதியில் சேர்ந்தது அங்கேதான். பொழுது சாய்வதற்குள் வேலூர் போய்விட்டார்கள். அண்ணனுக்கு இரண்டு வருஷம். வலது கை உடைந்துவிட்டது. எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

கேசட் வந்தது. 'சிறையில் வாடும் மலைத்தோழனுக்கு' என்று அட்டையில் அர்ப்பணம். நாலாவது மட்டும் இன்னும் மலைப் பாட்டுதான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேற்றுச் சாமைக் கொல்லையில், "கட்டைய வச்சவங்க கையி அழுவிப் போவ" என்று அண்ணி மண்ணை வாரித் தூற்றினாள். ஆள் தெரியாமல் சபிப்பது பாவமாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அப்படியே நாலாவது பாட்டையும் முழுதாகப் பாடிக் காட்டினேன்.

"நல்லாக்கீதா அண்ணி?" என்று கேட்டேன்.

அவள் குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு வரப்பேறிப் போனாள்.