மூன்று பூதங்களிடமிருந்து ஓடியவள்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் நகரத் தலைவர் அவர்களே, புதிய படத்தை இயக்கிய கலைச்செம்மல் குசானோ அவர்களே, மீன் உலர்த்தும் வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் தாய்மார்களே, கசுமிஹாமாவின் பெரியோர்களே, இந்த ஊரை மூன்று படங்களில் மிதித்தும் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்காத நமாரோன் என்னும் கடற்பூதமே! அனைவருக்கும் காஜிதானி சுமியேயின் வணக்கம்.

மூன்று நமாரோன்களையும் ஒப்பிட்டுப் பேசப் பணித்தார்கள். விமர்சகர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். நான் ஓடிப் பார்த்தேன். மூன்று படத்திலும் கூட்டத்தோடு கூட்டமாய் ஓடிய பெருமை எனக்கு உண்டு.

முதல் நமாரோன் எப்படி இருந்தது? ரப்பர் தோல், ரம்பப் பல், ராட்சத வால். உள்ளே ஒரு மனிதர். நகரையே நசுக்கிய அந்த நாசகாரி படியிறங்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். முதுகைத் திறந்தால் ஆவி பறக்கும். எங்கள் சோற்றுருண்டையை வாங்கித் தின்றுவிட்டு, "கொஞ்சம் ஊறுகா இருக்குமாம்மா?" என்று கேட்ட பூதத்தைக் கண்டு நடுங்கினோமே, நாங்களல்லவா நடிகர்கள்!

இரண்டாவது படத்தில் பூதம் திருந்திவிட்டது. குழந்தைகளின் தோழனாம். துறைமுகத்தை அன்போடு இடித்தது, பாலத்தைப் பாசத்தோடு உடைத்தது. நாங்கள் கைதட்டிக்கொண்டே ஓடினோம். என்ன சிரிக்கிறீர்கள், தபால்காரரே? தட்டியவர்களில் நீங்களும் ஒருவர்.

மூன்றாவது, கணினியில் பிறந்தது. படப்பிடிப்பில் எங்கள் முன் இருந்தது என்ன? ஒரு கழி, அதன் நுனியில் பூதத்தின் தலைக்குப் பதிலாக ஒரு பச்சைப் பந்து. அந்தப் பந்தைப் பார்த்துப் பதற வேண்டும். வெளிச்சம் நன்றாக விழுகிறதென்று கடலை நோக்கி ஓடச் சொன்னார் இயக்குநர். கடலிலிருந்து வரும் பூதத்துக்கு அஞ்சிக் கடலுக்கே ஓடும் அறிவாளிகள் நாங்கள்.

மூன்றாம் நாள் மதியம், பாதி ஓட்டத்தில் நிலம் குலுங்கியது. கால் தரையில் ஊன்றவில்லை. இயக்குநர் ஒலிபெருக்கியில், இந்தப் பயம்தான் வேண்டும், நிற்காதீர்கள் என்றார். காட்சியைக் கெடுக்க எனக்கும் கூச்சம்தான், ஒப்புக்கொள்கிறேன். பக்கத்தில் நின்ற முடிதிருத்தகத்து மாகோஷி படகுத்துறையைக் காட்டினார். தண்ணீர் உள்வாங்கிக்கொண்டிருந்தது.

"சுமியே அக்கா, இது பந்து இல்ல," என்றார்.

திரும்பி, மேட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடினேன். கூட்டமும் திரும்பியது. குசானோ குறுக்கே வந்து, கேமரா அந்தப் பக்கம் என்றார். அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"கேமராவையும் தூக்கிட்டு வாங்க ஐயா. மேல போய் என்னைத் திட்டிக்கலாம்."

பதினெட்டு நிமிடத்தில் அலை வந்தது. இடுப்பளவுதான். ஆனால் நாங்கள் ஓடவேண்டிய கடற்கரையில் படப்பிடிப்பு நாற்காலி ஒன்றுகூட மிஞ்சவில்லை. மேலே நான் தலை தலையாக எண்ணினேன். எல்லோரும் இருந்தார்கள். திட்டுவதற்கு வந்த இயக்குநர் வெகுநேரம் என் கையை விடவே இல்லை.

ஒளிப்பதிவாளர் மேடேறும்போதும் படம்பிடித்தாராம். அது படத்தில் இருக்கிறது. தலைநகரத்து விமர்சகர் ஒருவர் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: பூதம் தத்ரூபம், ஓடும் கூட்டத்தில்தான் உயிரில்லை.

உண்மைதான், நாங்கள் அலறவில்லை. முன்னால் ஓடியவர்கள் பின்னால் வருபவர்களைத் திரும்பிப் பார்த்தோம். விழுந்தவரைத் தூக்கினோம். மாகோஷி, முழங்கால் மடங்காத ஒருவரை முதுகில் சுமந்து ஏறினார். இது நடிப்பா? இதில் உயிரில்லையா? இருநூற்றுப் பதினொரு உயிர் இருந்தது ஐயா, எண்ணியவள் சொல்கிறேன்!

இத்தனை நேரம் எங்கும் ஓடாமல் அமர்ந்து கேட்ட உங்களுக்கு என் நன்றி. எல்லோரும் நலமாக இருங்கள்.