கவுஞ்சி செல்லம்மா குடும்பத்தார்

தேங்காய் உரிக்கும் வேலை தேடி அய்யம்பாளையம் போகும் பஸ்ஸில் ஏறியிருந்தேன். முன் சீட்டில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, பக்கத்தில் இருந்த கீரைக்காரியிடம் சொன்னாள்:

“ரேடியோவுல என் ஆடுக பேரெல்லாம் வாசிச்சிருக்காங்க.”

“ஆட்டுப் பேரையா? எதுக்குக்கா?”

“பாட்டு கேட்டுக் கார்டு போடுறவங்க வீட்டாளுக பேரையும் வரிசையா எழுதுவாங்க. எனக்கு ஆரு இருக்கா? சிலோன் தோட்டத்துல இருந்து தனியாத்தான் வந்தேன். எங்க ஊர் பேரையும் சேத்து, கவுஞ்சி செல்லம்மா, மல்லிகா, ராசு, மணின்னு எழுதிப் போட்டேன். மூணும் ஆடுக.”

கீரைக்காரி சிரித்தாள். “அடி ஆத்தீ! இப்ப எங்க போறீங்க?”

“அய்யம்பாளையத்துல நேயருங்க ஒண்ணு கூடுறாங்க. ஒருத்தர் மூஞ்சியும் பாத்ததில்ல. ஆனா எனக்குக் காய்ச்சல்னா கடுதாசி போட்டு வெசாரிக்கிறது அவங்க மட்டுந்தான். குடும்பத்தோட வரச் சொல்லியிருக்காங்க. பொய்க்காரின்னு ஒதுக்கிட்டா என்ன செய்ய?”

“எல்லாருக்கும் சளின்னு சொல்லிருங்க.”

“வேணாம். உள்ளதைச் சொல்லிர்றேன்.”

பஸ் நின்றது. கீழே ஏழெட்டுப் பேர், ‘நேயர்கள் வருக’ என்று அட்டையில் எழுதிப் பிடித்திருந்தார்கள்.

“கவுஞ்சி செல்லம்மா அக்காவா? மல்லிகா, ராசு, மணி எங்கக்கா?” என்று கண்ணாடி போட்ட ஒருவர் கேட்டார்.

அவள் படியில் நின்றபடியே சொன்னாள்:

“பட்டியில கெடக்குதுங்க. மூணும் ஆடுங்க.”

கண்ணாடிக்காரர் அவளுடைய பையை வாங்கிக்கொண்டு பின்னால் திரும்பிக் கத்தினார்:

“ஏலே, பாலசமுத்திரத்துக்காரரை வெரசா கூப்பிடு! கோழி பேரை எழுதிப் போட்ட மனுசனுக்குத் துணை வந்தாச்சு!”