மெதுவான வகை

– காலை நீட்டி அந்த நாற்காலி மேல வைங்க. மடக்கினா தையல் போட்ட இடம் இழுக்கும்.

– போன வருஷம் போட்ட தையல், டீச்சர். இனிமே எங்க இழுக்கப்போகுது?

– அப்போ ராத்திரி பூரா முனகுறது யாராம், பக்கத்து வீட்டுக்காரரா?

– சரி சரி, வச்சிட்டேன். பாஸா?

– நமக்கு முன்னால இன்னும் ரெண்டு பேர்தான். இன்னிக்கு நானும் டாக்டர் ரூமுக்குள்ள வரேன்.

– எதுக்கு? நீ ஃபேனுக்குக் கீழ உக்காரு. எப்பவும் போல நான் போய்க் கேட்டுட்டு வந்து சொல்றேன்.

– என்ன சொல்வீங்க? "ஜீன் டெஸ்ட் இன்னும் வரல, எதையும் இப்போ சொல்ல முடியாதாம்." ஒரு வருஷமா இதே பாட்டுதான். என் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க இதைவிட நல்லா சாக்கு சொல்லும்.

– பெரிய டெஸ்ட்டும்மா. லேட்டாகத்தான் செய்யும்.

– தொடையில வர்ற இந்தக் கேன்சர்ல எத்தனையோ வகையாம். எது எப்படிப் போகும்னு அந்த டெஸ்ட்தான் சொல்லுமாம். அதைத் தெரிஞ்சுக்காம இன்னும் எத்தனை நாள் ஓட்டுறது? லீவெல்லாம் தீர்ந்துபோச்சு. உங்களைத் தூக்கித் தூக்கி முதுகு விட்டுப்போச்சு. விடிஞ்சா உங்களைக் குளிக்க வச்சு, மாத்திரை குடுத்துட்டு ஸ்கூலுக்கு ஓடுறதும், வந்ததும் மறுபடி... அலுத்துப்போச்சுங்க எனக்கு.

– அலுக்காம என்ன செய்யும்.

– அதான், நானே கேட்டுடறேன். என் புருஷன் பிழைப்பாரா மாட்டாரான்னு.

– வேணாம்.

– ஏன்?

– வேணாம்னா விடேன்.

– டிரைவர் சார், ரோட்டைப் பாத்தது போதும். இங்க, என் மூஞ்சியைப் பாருங்க.

– அந்த டெஸ்ட் வந்துருச்சு.

– எப்போ?

– ஆபரேஷன் முடிஞ்ச கையோட. போன வருஷமே.

– ம். மேல சொல்லுங்க.

– மைக்ராஸ்கோப்புல பாத்தப்போ முரட்டு வகைன்னு நெனச்சாங்களாம். ஜீனைப் பாத்தா அது வேறயாம். ரெண்டு பஸ்ஸுக்கும் ஒரே பெயின்ட் அடிச்சிருந்தா எது எக்ஸ்பிரஸ், எது டவுன் பஸ்னு எப்படித் தெரியும்? எஞ்சினைத் திறந்தாத்தானே? என்னோடது டவுன் பஸ். மெதுவான வகை. திரும்பத் தலைகாட்டுனாலும் வெட்டி எடுத்துக்கலாம், ஆளை அவ்வளவு சுலபமா சாய்க்காதுன்னுட்டார் டாக்டர்.

– இந்த நல்ல சேதியை எங்கிட்ட மறைப்பானேன்?

– வேற ஊருக்கு மாத்தல் வாங்கிட்டு, தனியா வீடும் பாத்து, பெட்டியெல்லாம் கட்டி வச்சிருந்தியே. கேன்சர்னு சொன்னதும்தான் மாத்தலை ரத்து பண்ணிட்டு பெட்டியைப் பிரிச்ச. நான் பிழைச்சுக்குவேன்னு தெரிஞ்சா மறுநாளே கெளம்பிடுவியோன்னு...

– மாத்தல் வந்துருச்சுன்னு நான் சொன்னப்போ நீங்க என்ன பதில் சொன்னீங்க? ஞாபகம் இருக்கா?

– இருக்கு.

– சொல்லுங்க.

– "உன் இஷ்டம்"னேன்.

– சொல்லிட்டு டிவி பக்கம் திரும்பிக்கிட்டீங்க.

– எனக்கு எங்க பேச வருது? ஸ்டியரிங்கைப் பிடிச்சே காலம் போயிருச்சு. தப்புதான். சாகப்போறவனாட்டம் படுத்துக்கிட்டு உன்னை வேலை வாங்கினேன். தினமும் இன்னிக்குச் சொல்லிரணும், இன்னிக்குச் சொல்லிரணும்னு நெனைப்பேன். நீ தூங்கி வழிஞ்சுக்கிட்டே சாப்பாட்டுத் தட்டோட வந்து நிப்ப. தட்டை வாங்கிச் சாப்பிட்டுட்டுப் படுத்துக்குவேன். ரொம்ப வெக்கமா இருக்கு எனக்கு.

– நம்மளைத்தான் கூப்பிடறாங்க. எந்திரிங்க.

– உனக்குக் கோவமே வரலையா?

– வந்துச்சு. போன வருஷம்.

– போன வருஷமா?

– டெஸ்ட் வந்த அன்னிக்கு உங்க மூக்குக்கண்ணாடியை டாக்டர் மேஜையிலேயே வச்சிட்டு வந்தீங்களே. அதை எடுக்கப் போனது யாரு? "வீட்டுக்காரர் சொல்லியிருப்பாரே, இப்போ நிம்மதியாம்மா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டார். நான் முழிச்ச முழியைப் பாத்துட்டு, உக்கார வச்சு எல்லாத்தையும் விளக்கினார்.

– அப்போ உனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுமா இத்தனை நாள் இந்தப் பாடு பட்ட? ஏன் போகல?

– கையைக் குடுங்க, பாத்து எந்திரிங்க. இருபது வருஷக் குடித்தனத்துல, நான் போயிடக் கூடாதுன்னு நீங்க பண்ணின ஒரே காரியம் அந்தப் பொய்தாங்க.