பாண் கியூவும் லண்டன் ஆராய்ச்சியும்

கோதுமை மா கப்பலில் வராமல் பாண் என்ற ரொட்டிக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் ஒருநாள் விடியற்காலை, கோப்பாய்க் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நான் வாங்கிய பட்டம் கியூவில் என்னை ஓர் அடிகூட முன்னே நகர்த்தவில்லை. எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒருவர், பக்கத்தில் நின்ற இளம்பெண்ணிடம் சொன்னார்:

“உந்தத் தட்டுப்பாடு இன்னும் ஒரு வருஷம் நிண்டால் நல்லது, பிள்ளை.”

“என்ன மாமி, விசரே?”

“என்ரை மூத்தவன் லண்டன் யூனிவேர்சிட்டியிலை ஆராய்ச்சி செய்யிறானெல்லே. எங்கடை பாண் கியூவைப் பற்றித்தான்.”

“லண்டனிலை இருந்துகொண்டோ?”

“ஓம். இஞ்சை வந்தால் கியூவிலை நிக்கிறதிலையே நேரம் போயிடுமாம். தட்டுப்பாடு இடையிலை தீர்ந்தால் ஆராய்ச்சி செல்லாது, வேறை விஷயத்தை முதலிலையிருந்து தொடங்கவேணுமெண்டு பேராசிரியர் சொல்லிப்போட்டாராம். கலியாணம் பேசிவைச்ச பொம்பிளை வீட்டார் இன்னும் எத்தினை வருஷம் பாத்துக்கொண்டிருப்பினம்?”

“அதுக்கு?”

“பிள்ளையாருக்கு நேந்திருக்கிறன். அவன் எழுதி முடிக்கும்வரைக்கும் மாக் கப்பல் வரப்படாது.”

“மாமி, என்ரை பிள்ளையள் ராத்திரி வெறும் மரவள்ளிக்கிழங்கைத் திண்டிட்டுப் படுத்ததுகள்.”

“அப்பிடியோ! அதையும் அவனுக்கு எழுதிறன். உப்பிடியான சங்கதியளைத்தான் பேராசிரியர் கேக்கிறாராம்.”

இளம்பெண் வாயைத் திறக்குமுன் கடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“பாண் முடிஞ்சுது! எல்லாரும் போங்கோ!”

கியூ முழுவதும் திட்டத் தொடங்கியது. நானும் என் பங்குக்குத் திட்டினேன். அந்த அம்மா மட்டும் வெறும் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோயில் இருந்த திசையைப் பார்த்து, கண்களை மூடிக் கும்பிட்டார்.