மூன்றாவது ஓலை

— அந்த லாட்ஜுக்கு இனிமே என்னக் கூப்பிடாதீங்க எபி அண்ணே. தலகாணியில எவனோ எண்ணெய் தேச்ச தலையோட நாலு நாளு படுத்திருக்கான். மூஞ்சியப் பக்கத்துல கொண்டுபோனா குமட்டிக்கிட்டு வருது.

— ஆலப்புழையில மூணு ஆம்பளைங்க சேந்து போயி ஒரு ரூம் கேட்டா, மேலயும் கீழயும் பாக்காம சாவியத் தூக்கிக் குடுக்குற எடம் அது ஒண்ணுதான் பிரேமு. தலகாணி மேல துண்டை விரிச்சுக்கிட்டா ஆச்சு.

— விரிச்சேன். துண்டும் நாறிப்போச்சு.

— பால்கோவா கடைக்காரனுக்கு இம்புட்டு மூக்கு ஆகாதுலே.

— மூக்கு கெட்டதே பால்கோவாலதான். விடிய அஞ்சு மணிக்கு சட்டிய அடுப்புல ஏத்துனா கரண்டியக் கீழ வைக்க முடியாது. சட்டையில பால் வாசம், தலையில பால் வாசம். பஸ்ஸுல பக்கத்துல உக்காந்த பொம்பள மோந்து பாத்துட்டு, 'ஸ்ரீவில்லிபுத்தூரா அண்ணே'ன்னு கேக்கா. எனக்கு இனிப்பப் பாத்தாலே வாந்தி வருது. சனிக்கெழமை ஒரு நாளு நிம்மதியா ராஜபாளையத்துக்கு வந்து பாஸ்கெட்பால் மேட்ச் பாப்போம்னா, அந்தா பாருங்க, நாலாம் நம்பர்க்காரன் வேணும்னே போயி அந்தப் பயலப் பிடிச்சு இழுக்கான். சீ. இதுக்குக் கைதட்டு வேற.

— செத்த பொறு, சொல்றேன். அது வேணும்னே அடிக்கிற பவுலுதான். கடைசி ஒண்ணரை நிமிசம். நம்ம பயலுவ நாலு பாயிண்டு பின்னால. பந்து மதுரைக்காரன் கையில. அவன் சும்மா தட்டிக்கிட்டே நின்னு, ஒவ்வொரு தடவையும் இருவத்துநாலு செகண்டத் தின்னுருவான். நேரம் ஓடிரும், ஆட்டம் முடிஞ்சிரும். பவுல் பண்ணா விசில் ஊதுவாங்க. விசில் ஊதுனா கடிகாரம் நிக்கும். எதிராளிக்கு ஃப்ரீ த்ரோ போகுது, போகட்டும். கடிகாரம் நின்னுச்சா இல்லையா?

— பண்ணவனுக்கு என்ன ஆகும்?

— அவனுக்கு இது அஞ்சாவது பவுலு. வெளிய போயி உக்காரணும். தெரிஞ்சுதான் பண்றான்.

— நல்ல ஆட்டம் போங்க. இந்த மேட்ச அலெக்ஸுதான ஊதுறதா இருந்துச்சு?

— ஆமா. முடியாதுன்னு காலையில சொல்லிட்டானாம். திங்கக்கெழமையிலருந்து என் போன எடுக்கல. மத்தியானம் ஒரு மெசேஜ் வந்துச்சு. அஞ்சு மணிக்கு மேல கேலரிக்கு வாரேன், பிரேமும் இருக்கட்டும்னு. அம்புட்டுதான்.

— எனக்கும் அதேதான் வந்துச்சு. அதான் அவன் வாரதுக்கு முன்னாலயே நான் வந்தேன். ஒண்ணு கேக்கேன், மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அந்தக் கடுதாசிய நீங்கதான எழுதுனீங்க?

— எந்தக் கடுதாசி?

— நடிக்காதீங்க. போன ஞாயித்துக்கெழமை உங்க சர்ச்சு உண்டியல்ல கெடந்துச்சே, அது.

— உண்டியல் இல்ல, காணிக்கைப் பை. வரிசை வரிசையா கை மாத்திக் குடுப்போம்.

— ஏதோ ஒண்ணு. உங்க ஃபாதர் அதப் பிரிச்சு வாசிச்சுட்டு…

— ஃபாதர்னா ஆர்.சி.யில. நாங்க அய்யான்னு சொல்லுவோம்.

— இந்த நேரத்துலயும் பாடம் எடுங்க. மில்லு ரிங் ஃப்ரேம் ஃபிட்டருக்கு வாத்தியார் வேலை குடுத்திருக்கணும்.

— கடுதாசி வந்தது தெரியும். எங்க கோயில் போர்டுல ஒட்டியிருந்ததப் பாத்தேன். 'காணிக்கைப் பையில் பெயரில்லாக் கடிதம் போட்டவர் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வந்து கையெழுத்திட வேண்டும். தவறினால் கடிதம் ஏற்கப்படாது.' யாருக்கு எதிரா, என்ன எழுதியிருக்குன்னு ஒண்ணும் போடல. ஆனா எங்க சபையில இப்ப ஓலை போயிட்டு இருக்கிறது அலெக்ஸு ஒருத்தனுக்குத்தான்.

— அது என்ன ஓலை ஓலைன்னு? அவனும் போன்ல அதத்தான் சொன்னான்.

— எங்கள்ல கல்யாணம்னா முன்னால மூணு ஞாயிறு சபையில பேர வாசிக்கணும். இன்னார் மகன் இன்னாருக்கும், இன்னார் மகள் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் இருந்தா சொல்லுங்கன்னு. அதான் ஓலை. யாரும் ஒண்ணும் சொல்லலன்னா வழி தெளிஞ்சுச்சுன்னு அர்த்தம். ரெண்டு ஓலை முடிஞ்சுது, நாளைக்கு மூணாவது. யோசிச்சுப் பாரு, நல்ல ஏற்பாடு. வேற ஊருல ஒரு பொண்டாட்டிய ஒளிச்சு வச்சிருக்கவன் இதுல மாட்டிக்கிடுவான்.

— ஒம்பது வருசமா ஒரு ஆம்பளைய ஒளிச்சு வச்சிருக்கவன்?

— அதுக்கு அந்தப் பொஸ்தகத்துல எடம் இல்ல.

— ரெண்டு ஓலையும் நீங்க உக்காந்து கேட்டீங்களா?

— எட்டாவது பெஞ்சு. மேல ஒரு ஃபேனு, பேரிங் போயிருக்கு, கொரகொரன்னு சத்தம். அய்யா அவன் பேர வாசிக்கையில நான் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருந்தேன். கிரீஸ் வச்சா சரியாயிரும்.

— அதனாலதான் கேக்கேன். அலெக்ஸு நேத்து கடைக்குப் போன் பண்ணி, கடுதாசியில இருக்கத வரிக்கு வரி சொன்னான். 'இவர் ஒன்பது வருடமாக ஓர் ஆணோடு குடும்பம் நடத்துகிறார். வர்க்கலாவில் மழையில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் ஒரே அறையில் இருந்தார்கள். பெண்ணிடம் இதை மறைத்துக் கட்டுகிறார்.' வர்க்கலாவுக்கு நான் வரல. அப்பாவுக்குக் காலு ஒடிஞ்ச வருசம் அது. போனது நீங்க ரெண்டு பேரு. ஒருத்தன் மாப்பிள்ளை. அப்ப யாரு மிச்சம்?

— மழைக் கதைய உனக்கு நான் சொல்லியிருக்கேன். கொல்லம் ரயில்ல, புனலூர் தாண்டி.

— அப்ப நான் எழுதுனேங்கீங்களா?

— கணக்குக்குச் சொன்னேன்.

— ச்சீ, என்ன மனுசன் நீங்க. நம்மள்ல ஒருத்தன் இன்னொருத்தன இழுத்துத் தெருவுல போடுறதவிட அசிங்கம் ஒண்ணு இருக்கா? டேட்டிங் ஆப்புல எவன் போட்டோவையோ வச்சு ஆள வரவழைச்சு, வீடியோ எடுத்து மெரட்டுறானுவளே, அவனுவ செய்யிற வேலை அது. போன வருசம் நம்ம சிநேகிதன் சமுத்திரம் அதுல மாட்டி என்ன பாடு பட்டான், பாத்தோம்ல. அலெக்ஸு பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியாரு. இந்த விசயம் வெளிய வந்தா ஒருத்தனும் பிள்ளைய அவன்ட்ட ஆட அனுப்ப மாட்டான். நீங்க எழுதியிருந்தா, தயவுசெஞ்சு அந்தக் கையெழுத்த மட்டும் போட்டுறாதீங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்.

— நான் எழுதல.

— சத்தியமா?

— நான் எழுதியிருந்தா அந்த ஆணோட பேர விட்டிருக்க மாட்டேன்.

— உங்க பேர நீங்களே எப்படி எழுதுவீங்க?

— எழுதியிருப்பேன். வீட்டு நம்பரு, தெருவு, எல்லாத்தோடயும். ஒரு காயிதத்துலயாவது எங்க ரெண்டு பேரு பேரும் பக்கத்துல பக்கத்துல இருந்திருக்கும்.

— பருத்திப்பால் குடிக்கீங்களா?

— அதுவும் இனிப்புதான. உனக்குக் குமட்டும்.

— நான் பாக்காம திரும்பிக்கிடுதேன்.

— வேண்டாம். ஒண்ணு சொல்றேன், இதக் கேட்டா உனக்கு நெசமாவே குமட்டும். என்னத்தான் மாப்பிள்ளைத் தோழனாப் போட்டிருக்கான்.

— யாரு, அலெக்ஸா?

— அவிய அப்பா கேட்டாரு. அலெக்ஸு பக்கத்துல நின்னு செவுத்தப் பாத்துக்கிட்டு இருந்தான். நான் சரின்னுட்டேன். கோட்டுக்கு அளவெல்லாம் எடுத்தாச்சு. அவன் கோட்டும் என் கோட்டும் ஒரே துணி.

— அவனுக்கு அவன் அப்பன் முன்னால வாய் தொறக்காது. முப்பத்தேழு வயசு. கிரவுண்டுல நூறு பயலுவள விசில்ல நிப்பாட்டுவான், வீட்டுக்குள்ள ஆமாங்கிறதத் தவிர ஒரு சொல்லு வராது. இதெல்லாம் ஒரு பொழப்பு. கல்யாணத்துக்குப் பொறவும் நாம மூணு பேரும் வழக்கம்போல டூர் போலாம், ஒண்ணும் மாறாதுன்னு எங்கிட்ட சொன்னான் தெரியுமா? அந்தப் பிள்ளைய வீட்டுல விட்டுட்டு ஆலப்புழைக்கு. அந்தத் தலகாணியே தேவலை.

— அந்தப் பிள்ளை, ரெனிட்டா, எனக்குப் போன் பண்ணுச்சு.

— எதுக்கு?

— வ. புதுப்பட்டியில ஸ்கூல் டீச்சரு. நல்ல பிள்ளை. 'அண்ணே, நீங்கதான் அவங்க ஃப்ரெண்டுன்னாங்க. அவங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது, சொல்லுங்க'ன்னுச்சு. நானும் சொல்ல ஆரம்பிச்சேன். முட்டையில மஞ்சக்கரு திங்க மாட்டான். மேட்ச் தோத்தா ரெண்டு மணி நேரம் பேச்சுக் குடுக்கக் கூடாது. எடது முட்டிய மழைக்காலத்துல வெந்நித் துணி வச்சுக் கட்டணும், மொதல்ல மேல, பொறவு கீழ. தூக்கத்துல போர்வைய இழுப்பான், அதனால ரெண்டு போர்வை வேணும். அது ஒவ்வொண்ணா எழுதிக்கிடுச்சு. நடுவுல 'செத்த மெதுவா சொல்லுங்கண்ணே'ன்னு வேற. மில்லுல ஷிப்டு மாறும்போது அடுத்த ஆளுகிட்ட மெஷினப் பத்திச் சொல்லிட்டு வருவோம் பாரு, எந்த ஸ்பிண்டில் மக்கர் பண்ணும், எங்க நூல் அறும்னு. அப்படிச் சொல்லிட்டு போன வச்சேன். பொறவு பாத்ரூமுக்குப் போயி வாந்தி எடுத்தேன்.

— அண்ணே.

— இரு, முடியல. நேத்து சாயங்காலம் வேலை முடிஞ்சு நேரா கோயிலுக்குப் போனேன். பையில பேனா இருந்துச்சு.

— கையெழுத்துப் போடவா? நீங்கதான் எழுதலங்கீங்களே.

— எழுதல. ஆனா எழுதுனவன் வரப்போறதில்ல, மொட்டைக் கடுதாசி போடுறவன் எவன் வந்து நிப்பான்? ஒரு கையெழுத்து விழுந்தா நாளைக்கு ஓலை நின்னுரும். யாரு கையெழுத்தா இருந்தா என்ன? அப்படி யோசிச்சேன். பொய்ச்சாட்சி சொல்லப் போனேன்லே. அவன நீ சொன்ன மாதிரி தெருவுல இழுத்துப் போடப் போனேன். எனக்கு என் மேலயே அருவருப்பா இருந்துச்சு, ஆனா காலு நிக்கல.

— பொறவு?

— கோயில் வாசல்ல பெருக்கித் தண்ணி தெளிக்கிற வேதசிரோமணி அண்ணாச்சி நின்னாரு. என் கையில பேனாவப் பாத்துட்டு, 'தோழன் கையெழுத்தெல்லாம் கல்யாணத்தன்னைக்குத்தான் தம்பி, இப்பமே என்ன அவசரம்'னு சிரிச்சாரு. நானும் சிரிச்சுட்டுத் திரும்பி வந்துட்டேன்.

— இப்ப மணி நாலே முக்கால்.

— தெரியும்.

— பைக்க எடுக்கட்டுமா? பத்து நிமிசத்துல போயிறலாம்.

— இப்பத்தான போடாதீங்கன்னு காலுல விழாத குறையா கேட்ட.

— கேட்டேன். அந்தப் பிள்ளை நோட்டு வச்சு எழுதிக்கிடுச்சுன்னு சொன்னீங்கள்ல, அப்பவே எனக்குக் கலங்கிருச்சு. எது அதிக அசிங்கம்னு எனக்கே தெரியல. எந்திரிங்கண்ணே.

— உக்காரு. எழுதாததுக்குக் கையெழுத்துப் போட்டு அவன வாங்க வேண்டாம். அப்படி வந்தவன எங்கிட்டு வச்சுக்கிடுறது? தெனமும் அந்தக் காயிதம்லா நடுவுல படுத்திருக்கும்.

— அப்ப நாளைக்கு மூணாவது ஓலையும் எட்டாவது பெஞ்சுல உக்காந்து கேப்பீங்க.

— ஒரு டப்பா கிரீஸ் கொண்டுபோலாம்னு இருக்கேன்.

— தூ. உங்களத் திருத்த முடியாது. ஆட்டம் முடிஞ்சுபோச்சு, பாத்தீங்களா? அங்க என்னமோ கத்துறாங்க.

— ஒரு பாயிண்டுல நம்ம பயலுவதான். கடைசி செகண்டுல போட்டுட்டானுவ. பாரு, அவன் கடிகாரத்த நிப்பாட்டலன்னா இது கெடையாது. அந்தா, வெளிய உக்காந்துக்கிட்டு துண்டக் கடிச்சு அழுவுறான்.

— இங்க மணி அஞ்சு அடிக்கப் போவுது.

— அடிக்கட்டும்.

— கேலரியே காலியாயிருச்சு. அஞ்சு பத்து. போச்சு. அந்தா வாரான் பாருங்க, வெள்ளைச் சட்டையில. மாப்பிள்ளை நடை.

— ஒண்ணும் கேக்காத பிரேமு. அவனே பேசட்டும்.

— யாருப்பா ஜெயிச்சா?

— நம்மாளுதான் அலெக்ஸு. நாலாம் நம்பர் அஞ்சு பவுல்ல வெளிய போயிட்டான்.

— பரவால்ல, நல்ல பையன். தண்ணி இருக்கா எபி?

— இந்தா. சட்டையில என்ன அது?

— எச்சி. தொடச்சும் போவல. காலையில வ. புதுப்பட்டிக்குப் போயி ரெனிட்டாவப் பாத்தேன். ஒன் பேரச் சொல்லல, மத்த எல்லாத்தையும் சொன்னேன். ஒரு நோட்டக் கொண்டுவந்து என் முன்னால கிழிச்சுப் போட்டுட்டு மூஞ்சிக்கு நேரா துப்புச்சு. துப்பட்டும்னு நின்னேன். நானா இருந்தாலும் துப்பியிருப்பேன்.

— அங்க போயிச் சொல்லத் தெரிஞ்சவனுக்கு அப்பன்ட்டச் சொல்ல வாய் இல்லையாக்கும்? மணி அஞ்சு தாண்டிருச்சு அலெக்ஸு. மொட்டைக் கடுதாசி செல்லாமப் போச்சு. நாளைக்கு ஓலை வாசிக்கத்தான் போறாங்க.

— இல்ல பிரேமு. வாசிக்க மாட்டாங்க. நாலரைக்கே கையெழுத்து விழுந்துருச்சு.

— நானும் எபண்ணனும் மூணு மணியிலருந்து இந்தப் படிய விட்டு எந்திரிக்கல. பொறவு யாரு போயிப் போட்டா?

— எழுதுனவன்தான போடணும்? வேதசிரோமணி அண்ணாச்சிட்ட பேனா வாங்கி, எங்கப்பா பாக்கப் பாக்க போட்டுட்டு, அங்கயிருந்துதான் வாரேன்.