ஒரு காசுக்கு ஒரே மிட்டாய்

திருத்தணியில் ரயில் கிளம்பியதும், "பிரஷ் வச்ச பின்னாடி இதுக்குத் தாராள மனசு போயிடுச்சு பாவா," என்றாள் எதிரே இருந்த பெண். மடியில், மேலே மிட்டாய்க் குடுவை வைத்து அவளே செய்த மிட்டாய் மிஷின்.

"போன வாட்டி ஒரு காசுக்கு ரெண்டு உருண்டை துப்புச்சே. இன்னிக்கும் துப்பினா அரக்கோணத்துக் கடைக்காரரு வேணான்னுடுவாரு," என்றார் பக்கத்தில் இருந்த அவள் அக்கா புருஷன்.

"உள்ள சுத்துற தட்டுல குழிக்கு ஒரு உருண்டைதான். மேல தொத்திகினு வர்றதைப் பிரஷ் தள்ளிடும். காசு போட்டுத் திருகுங்க."

திருகினார். ஒன்றுதான் விழுந்தது. மறுபடியும் ஒன்றுதான். பெட்டியில் இருந்தவர்கள் காசோடு சூழ்ந்துகொண்டார்கள். என்னிடம் டீக்கான காசு மட்டும் இருந்ததால் உட்கார்ந்தே பார்த்தேன்.

அரக்கோணம் வருவதற்குள் குடுவை காலி.

"கடைக்காரருக்கு இப்ப இன்னாத்தைக் காட்டுவ?"

"காலிக் குடுவையைத்தான் பாவா!" என்று அதை உயர்த்திப் பிடித்தபடி இறங்கினாள்.