தெளிவாகத்தான் இருக்கிறாள்

எனக்கு நீச்சல் தெரியாது, ஐயா. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாலே தலை சுற்றும். நாடறிந்த நீச்சல்காரியின் அக்காவுக்கா நீச்சல் தெரியாது என்று கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன்.

படகோட்டியின் உரிமத்தைப் பிடுங்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அது நியாயமில்லை. அவர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அம்மா போனபோது தங்கைக்குப் பல்கூட முளைக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான்தான் வளர்த்தேன். அவளுக்கு இளைப்பு உண்டு. நீந்தினால் நெஞ்சு விரியும் என்றார் டாக்டர். நகராட்சி நீச்சல் குளத்தில் சேர்த்துவிட்டு, மருந்து நெடியில் கண் எரிய, துண்டும் கையுமாக சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எந்தப் போட்டியிலும் அவள் கடைசிதான்.

“வேகம் சுத்தமா இல்ல. ஆனா இந்தப் பொண்ணுக்கு நிக்கவே தெரியல, பாருங்க,” என்றார் பயிற்சியாளர்.

மற்ற பிள்ளைகள் தலை துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகும் அவள் போவதும் வருவதுமாக இருப்பாள். அவர்தான் அவளைக் குளத்திலிருந்து ஏரிக்கும், ஏரியிலிருந்து கடலுக்கும் கொண்டுபோனார். பெஞ்சில் இருந்த என்னையும் கட்டிக்கொண்டார். ‘சார்’ என்று கூப்பிட்டுப் பழகிய தங்கைக்கு ‘மாமா’ லேசில் வரவில்லை. இரண்டையும் ஒட்டி ‘சார்மாமா’ என்பாள். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலிக்கும்.

ஜலசந்திகளை ஒவ்வொன்றாகக் கடந்தாள். கூடத்துச் சுவரில் பதக்கம் மாட்ட ஆணி அடிக்க இடமில்லை.

பிறகு அந்தச் சாதனை நீச்சல். கரை நெருங்கும்போது அவள் தளர்ந்தாள். உற்சாகப்படுத்த அவர் பக்கத்தில் குதித்து நீந்தினார். நீச்சல் விதிமுறை அதற்கு இடம் கொடுக்கிறது. திரும்பிப் படகில் ஏறியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். நான் அன்று வீட்டில் இருந்தேன். படகோட்டி சொல்லித்தான் தெரியும்.

“படகை வேகமா விடணும்னா உங்க தங்கச்சி படகுல ஏறியாகணும்மா. ஏறினா நீச்சல் முடிஞ்சது. ஏறுறீங்களான்னு கத்திக் கேட்டேன். சார் ஓரமா சாஞ்சு அவங்ககிட்ட ஏதோ சொன்னாரு, இன்ஜின் சத்தத்துல எனக்குக் கேக்கல. அவங்க தலைய ஆட்டிட்டு நீந்தப் போயிட்டாங்க.”

கரையில் ஒரே கைதட்டல். படகில் என் கணவர் ஈரத் துண்டுக்கு அடியில் கிடந்தார். மறுநாள் பத்திரிகையில் அவள் படம் பெரிதாக வந்தது. அவர் இறந்த செய்தி கீழே, பற்பசை விளம்பரத்துக்குப் பக்கத்தில்.

ஒரே ஒருமுறை, “அக்கா, அன்னிக்குப் படகுல…” என்று ஆரம்பித்தாள்.

“சாப்பாடு ஆறுது,” என்றேன். அப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவர் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். படகில் உடன் போவது, குடிக்கக் கொடுப்பது எல்லாம் நான்தான். வீட்டில் சமையலும் என் கையில். குளிர்ந்த கடலில் நீந்துபவர் உடம்பில் கொஞ்சம் கொழுப்பு இருக்க வேண்டும், அதுதான் போர்வை. இதைச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். எண்ணெயைக் குறைத்தேன், கறியைக் குறைத்தேன். “மெலிஞ்சதும் முகம் என்ன களையா இருக்குடி,” என்றேன். அவளுக்குச் சந்தோஷம்.

வடக்கே ஒரு ஜலசந்தி மட்டும் பாக்கி இருந்தது. கோடையிலும் அங்கே கை விறைக்கும். அவள் தயங்கினாள். “மாமா ஆசைப்பட்டது அதுதானேடி,” என்றேன். அப்படி ஒரு ஆசையை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அன்று நல்ல வெயில். படகில் அதே படகோட்டி, நடுவர், நான். நீந்துபவரை யாரும் தொடக்கூடாது. தொட்டால் முயற்சி செல்லாது. நீளமான கம்பின் நுனியில் கோப்பையைக் கட்டி நீட்டுவேன். வெந்நீர்க் குடுவை என் காலடியிலேயே இருந்தது. நான் திறக்கவில்லை. சர்க்கரையைப் பச்சைத் தண்ணீரில் கரைத்தேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். மிச்சத்தையும் குடித்தாள். அக்கா கொடுத்ததைக் குறை சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

ஒவ்வொரு தடவையும் ஏதாவது கேள்வி கேட்டு, நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிர் தலைக்கு ஏறினால் ஆள் உளறத் தொடங்கிவிடுவார். விறைத்த வாயிலிருந்து வரும் அவள் பேச்சு எனக்கு மட்டும்தான் பிடிபடும். நடுவர் என் முகத்தைத்தான் பார்ப்பார்.

“நம்ம வீட்டுக் கதவு என்னடி கலரு?” என்று கேட்டேன்.

“சார்மாமா வந்துட்டாரா?” என்றாள்.

“என்ன சொல்றாங்க?” என்றார் நடுவர்.

“பச்சைங்கறா. சரிதான். தெளிவாத்தான் இருக்கா.”

நேரம் போகப் போக அவள் விரல்கள் நண்டுக் கால் மாதிரி விரிந்துகொண்டன. உதடு நீலம் பாரித்தது. “ஏத்திடலாமாம்மா?” என்று படகோட்டி இரண்டு தடவை கேட்டார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளாகக் கேட்டால் ஏற்றலாம் என்று நான்தான் தடுத்தேன்.

கடைசித் தடவை குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டேன்: “அன்னிக்கு மாமாவை ஏன்டி அப்படியே விட்டுட்டுப் போனே?”

அவள் கண் என்னைத் தாண்டிப் படகுக்குள் யாரையோ பார்த்தது.

“நான் போகமாட்டேன் மாமா. ஏறிக்கிறேன். பிடிவாதம் பண்ணாதீங்க. நீங்க போ போன்னு துரத்தினா, அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

சொல்லிவிட்டுக் கம்பைப் பிடிக்கக் கையை நீட்டினாள். நான் கம்பை மேலே இழுத்துக்கொண்டேன்.

“என்ன சொன்னாங்க?”

“இன்னும் கொஞ்ச தூரம்தானே, போயிடறேங்கறா. தெளிவாத்தான் இருக்கா.”

அவள் முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். கைகள் இன்னும் சிறிது தூரம் துழாவிக்கொண்டே போயின. பிறகு அலைதான் அவளை நகர்த்தியது. படகோட்டி உடுப்போடு குதித்துத் தூக்கினார். பிரயோஜனம் இல்லை.

என்னைப் பார்க்கும் பார்வையிலேயே நீங்கள் கேட்க நினைப்பது தெரிகிறது. அவள் சொன்னது நிஜமாக இருந்தால்? இருக்காது, ஐயா. குளிர் ஏறியவள் பேச்சு அது. நினைவு தப்பியவளைத் தெளிவாக இருக்கிறாள் என்று சொல்லிச் சாகவிட்டேன்; அதுதான் நான் செய்த காரியம். கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதைச் சொன்னபோது அவள் தெளிவாக இருந்தாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.